கோச்சியால (ரயிலால) இறங்கினா பஸ் எங்க? மட்டக்களப்புக்கு ஒரு போக்குவரத்து மையம் வேணுமா, வேணாமா

வாவிக்கரை
(இழை தொடக்கம், திங்கள் இரவு)

வணக்கம். நான் ஆரையம்பதி. மூணு மாசம் லண்டன் குரோய்டன்ல அக்கா வீட்ட நிண்டுட்டுப் போன கிழமைதான் வந்தன். அங்கத்த ஸ்டேஷனையும் இங்கத்த ஸ்டேஷனையும் ஒரே கிழமைக்குள்ள பாத்த சூட்டில எழுதுறன். கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

அக்கா வீட்டுக்குப் போற ஸ்டேஷன் ஈஸ்ட் குரோய்டன். பிளட்போமிலருந்து மேல ஏறப் படிக்கட்டுத் தேட வேணாம், நீளமான சாய்வுப் பாதை கிடக்கு. சூட்கேஸை உருட்டிக்கொண்டு மேல வந்து, டிக்கட் கேட்டைத் தாண்டி வாசல்ல கால் வச்சா, கண்ணுக்கு முன்னால ட்ராம் நிக்குது. கோயில் வாசல்ல தேர் நிக்கிற மாதிரி. பக்கத்திலயே பஸ்கள். கோச்சி, ட்ராம், பஸ் மூண்டுக்கும் இடையில நான் நடந்தது எங்கட வீட்டு வளவுக்குள்ள கிணத்தடிக்குப் போற தூரம்தான்.

காசு விஷயம் இன்னும் வியப்பு. முதல்ல ஏறினதுலருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தின பஸ், எத்தின ட்ராம் மாறி மாறி ஏறினாலும் நான் நிண்ட நேரம் 1.75 பவுண்தான். ட்ராமுக்கு ஏற முன்னம் ஸ்டொப்பில இருக்கிற மெஷின்ல காட்டைத் தட்டினாச் சரி, இறங்கேக்க தட்டத் தேவையில்ல. நான் இறங்கியும் தட்டப் போக, மருமகள் கையைப் பிடிச்சு இழுத்திட்டாள். "மாமா, காசு கூடிப்போச்செண்டா திருப்பிக் குடுக்கப் போறீங்களா?" எண்டு சிரிக்கிறாள்.

இனி இங்க. அம்மா என்னைக் கூட்டிவரக் கொழும்புக்கு வந்திருந்தா. ரெண்டு பேரும் இரவுக் கோச்சியில வந்து விடியாத நேரத்தில மட்டக்களப்பில இறங்கினம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வெளிய வந்தா ஓட்டோ மட்டும்தான். ஆரையம்பதிக்கு ஓட்டோக்காரர் கேட்ட காசு, கொழும்பிலருந்து ரெண்டு பேருக்கும் எடுத்த மூண்டாம் வகுப்பு டிக்கட்டை விடக் கூட. சரி, பஸ் ஸ்டாண்டுக்குப் போவம் எண்டு அம்மாவை மெல்ல நடத்திக்கொண்டு போனா, கல்முனைப் பக்கம் போற பஸ் இப்பதான் வெளிக்கிட்டது எண்டு தேத்தண்ணிக் கடைக்காரர் சொல்றார். கல்லடிப் பாலத்துப் பக்கம் அதிட பின் சிவப்பு லைட் தெரிஞ்ச மாதிரி இருந்துது. ஒருவேளை என்ட கற்பனையாவும் இருக்கலாம்.

என்ட கேள்வி இதுதான். பஸ் ஸ்டாண்டை ஸ்டேஷனடிக்குக் கொண்டுவந்து, அங்கருந்தே கல்முனை வரைக்கும் ட்ராம் மாதிரி ஒரு லைட் ரெயிலும் போட்டா என்ன? ஒரு கூரைக்குள்ள எல்லாம். கனவு எண்டு சொல்லுவீங்க. அதுக்குத்தான் கேக்கிறன்.

---

கொத்துரொட்டி

குரோய்டனுக்குப் போய் வந்தவன் ட்ராம் கேக்கிறான், டுபாய்க்குப் போய் வந்தவன் மெட்ரோ கேக்கிறான். நான் ஏறாவூரைத் தாண்டிப் போனதில்ல. எனக்கு மழை நாளையில ஒழுகாத பஸ் தாங்க, போதும்.

---

பழைய_கார்ட்

தம்பி வாவிக்கரை, கோபம் நியாயமானது. அம்மாவின் முழங்காலுக்கு என் அனுதாபம், எனக்கும் அதே நோய். புகையிரதத்தில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கட்டடம் பற்றிப் பேசுமுன் பாதை பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது விளங்காமல் கூரை போட்டால் கூரை மட்டும்தான் மிஞ்சும்.

நம் பாதை 1928இல் மட்டக்களப்புக்கு வந்தது. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைக்கு ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு, பொலநறுவை, வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வருகிறது. ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்கலாம். என் காலத்தில் அதற்குத் தகடு முறை. அடுத்த நிலையம் வரை உள்ள துண்டுக்கு ஒரே ஒரு தகடுதான் இயந்திரத்திலிருந்து வெளியே வரும். அதை வளையம் வைத்த பைக்குள் போட்டுக் கொடுப்பார்கள். அது கைக்கு வராமல் டிரைவர் அசைய மாட்டார். ஆகவே அங்கே ஒருவர் பத்து நிமிடம் பிந்தினால் இங்கே ஒருவர் பத்து நிமிடம் காத்து நிற்பார். அந்தப் பத்து அடுத்த கடவையில் பதினைந்தாகும். வழியில் எங்கோ சாப்பிட்ட பிந்தலின் ஏப்பம் மட்டக்களப்பில்தான் வரும்.

பிறகு யானை. 2025 பெப்ரவரி 20ஆம் திகதி விடியற்காலையில் கல்ஓயாவுக்கும் மின்னேரியாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் நம் மீனகயா புகையிரதம் யானைக் கூட்டத்தில் மோதியதை எல்லாரும் படங்களில் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நேரங்களை மாற்றினார்கள். அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட வேண்டும், ஓடத்தான் வேண்டும். அந்தக் காட்சியை ஒருமுறை என்ஜினுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் வேகம் பற்றிப் பேச மாட்டான்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஈஸ்ட் குரோய்டனில் ஒரு வண்டி தவறினால் அடுத்தது சில நிமிடத்தில். அதனால் அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. நமக்கு ஒரு நாளைக்கு வரும் வண்டிகளை ஒரு கை விரலில் எண்ணலாம். இங்கே பஸ் மணிக்கூட்டைப் பார்த்து ஓடினால் பயணி தெருவில்தான் நிற்பார். வண்டியைப் பார்த்து ஓட வேண்டும்.

லைட் ரெயில் பற்றி ஒரு சிரிப்பு. நம் நாட்டில் ரெயில்பஸ் என்று ஒன்று ஓடியிருக்கிறது. இரண்டு பஸ்களை முதுகோடு முதுகாகக் கொளுவி, ரப்பர் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லுப் போட்டது. அதைவிட லைட்டான ரெயில் உலகத்தில் இல்லை.

---

மருதமுனை_நானா

கார்ட் சேர் சொல்றது சரி. ஆனா எல்லாருமே மட்டக்களப்போட உலகம் முடியுது எண்டு கதைக்கிறீங்க. கோச்சிப் பாதை அங்க முடியுது, சனம் முடியல்லயே. அம்பாறை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு அடி தண்டவாளம் கிடையாது. நாங்க கோச்சி ஏறணும் எண்டா 40 கிலோமீட்டர் அளவு பஸ்ஸில வரணும், பொத்துவில்காரர் 100ஐத் தாண்டி வரணும். அப்ப மட்டக்களப்பு ஸ்டேஷன் உங்கட ஸ்டேஷன் மட்டுமில்ல, பொத்துவில் வரைக்கும் உள்ள ஆக்களுக்கும் அதுதான் ஸ்டேஷன்.

லைட் ரெயிலைப் பாத்துச் சிரிக்கிறவங்க மெப் ஒண்டை எடுத்துப் பாருங்க. காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவால ஏ4 றோட். சனம் எல்லாம் அந்த ஒரு றோட்டில நூல்ல கோத்த மாதிரி இருக்கிறாங்க. ஒரே ஒரு பாதை போட்டா எல்லாருக்கும் நடந்துபோற தூரம். இப்படி ஒரு இடம் லைட் ரெயிலுக்கு வாய்க்கிறது லேசில்ல.

வாய்க்காதது காசும் காணியும். குரோய்டன் ட்ராம் எல்லாப் பாதையும் சேத்தே 28 கிலோமீட்டர்தான். அதிலயும் விம்பிள்டன் பக்கப் பாதை ஏற்கெனவே கோச்சி ஓடினது. 1997ல அதை மூடி, ட்ராமுக்குக் குடுத்து, 2000ல ஓட்டத் தொடங்கினாங்க. எங்களுக்கு அப்படி ஒரு பழைய பாதை எங்க? றோட்டோரமா வீட்டு மதில்தான் இருக்கு. கொழும்பில மாலபேயிலருந்து கோட்டைக்கு 16 கிலோமீட்டர் அளவுக்கு ஜப்பான் கடன்ல போட ஒப்பந்தமே வச்சிட்டு 2020ல வேணாம் எண்டு நிப்பாட்டினாங்க. தலைநகரத்துக்கே அந்த நிலைமை. இத எழுதேக்க எனக்கே மனசு கேக்குதில்ல, ஆனா உண்மை அதுதான்.

---

கொத்துரொட்டி

நானா, மருதமுனையில ஸ்டொப் வைக்கிறதெண்டா கைத்தறிச் சாரமும் ட்ராமுக்குள்ளயே விக்கலாம். நான் ஒத்துக்கொள்றன்.

---

கந்தோர்க்காரன்

ஒரு விஷயத்தை ஆரும் தொடல்ல. கூரை ஆரிட?

கோச்சி புகையிரதத் திணைக்களம், கொழும்பு. சிவப்பு பஸ் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை), அதுவும் மத்திய அரசு. மாகாணத்துக்குள்ள ஓடுற தனியார் பஸ்ஸுக்கு அனுமதி குடுக்கிறது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் விட்டு மாகாணம் போற தனியார் பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பஸ் ஸ்டாண்ட் நிலம், கடை வாடகை, குப்பை எல்லாம் உள்ளூராட்சி சபை. ஓட்டோவுக்கு வேற ஆக்கள். ஸ்டேஷன் வாசல்ல பஸ் ஒண்டு பத்து நிமிஷம் நிக்கிறதெண்டா எத்தின கையெழுத்து எண்டு நீங்களே எண்ணுங்க. இ.போ.ச.வையும் தனியாரையும் ஒரே நேர அட்டவணைக்குள்ள கொண்டுவாற விஷயத்துக்கே 2025 ஓகஸ்ட்ல வேலைநிறுத்தம் நடந்துது.

ஏலாத காரியம் எண்டு சொல்லல்ல. கொட்டாவையில மாக்கும்புர நிலையம் 2019ல திறந்தாங்க. ஹைவே பஸ், சாதாரண பஸ், களனிவெளிக் கோச்சிப் பாதை மூண்டும் அங்க கிட்டக் கிட்ட. கண்டியில ஸ்டேஷனுக்குப் பக்கத்தில குட்ஷெட் பஸ் நிலையத்தை உலக வங்கிக் காசில பெரிசா மாத்துற வேலை. ஆனா கட்டினாப்போல ரெண்டு பேரும் கதைச்சிருவாங்க எண்டு இல்ல. ஒரே வீட்டுக்குள்ள இருந்துகொண்டு கதைக்காத புருஷன் பொஞ்சாதி இல்லயா?

---

வாவிக்கரை

கந்தோர்க்கார அண்ணன், நீங்க எந்தக் கந்தோர் எண்டு கேக்கல்ல. ஆனா இந்தளவுக்குத் தெரிஞ்சிருக்கெண்டா சந்தேகம்தான் :)

நானா சொன்னதை ஒத்துக்கொள்றன். லைட் ரெயிலை இந்த இழையில இருந்து கழட்டி வைப்பம். கூரையையும் கழட்டினா மிச்சம் என்ன? கோச்சி வந்தா ஒரு பஸ் நிக்கோணும். இவ்வளவுதானே?

---

முன்கதவு

"இவ்வளவுதானே" எண்டு சொல்ற ஆக்களுக்காக எழுதுறன். நான் கல்முனைப் பாதையில தனியார் பஸ்ஸில கொண்டக்டர். பதினொரு வருஷம்.

பஸ் எப்படி ஓடுது எண்டு உங்களுக்குத் தெரியுமா? ரைம்கீப்பர் லொக் ஷீட்டில நேரம் போட்டாத்தான் நாங்க ஸ்டாண்டை விட்டு வெளிக்கிடலாம். எனக்கு முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன். இடையில பத்து நிமிஷம் எண்டு வைங்க. நான் ஸ்டேஷனடியில கோச்சிக்கு எட்டு நிமிஷம் நிண்டா என்ன நடக்கும்? பின்னால வாறவன் கல்லடியில என்ர முதுகில. காத்தான்குடிச் சனத்தை ஆர் ஏத்துறது எண்டு ரெண்டு டிரைவரும் பிடிபடுவாங்க. உங்களுக்கு றேஸ் ஓடுறானுகள் எண்டு மட்டும் தெரியும். அது ஏன் வருது எண்டா இந்த எட்டு நிமிஷத்தாலதான். பின்னேரம் முதலாளிக்குக் கணக்குக் குடுக்கேக்க "கோச்சிக்கு நிண்டன்" எண்டு சொன்னா அவர் டீசலை அதில ஊத்த ஏலாது.

மறுகா, கோச்சியால ஆக்கள் வருவாங்க எண்டு நிண்டு பாத்திருக்கிறன், வராமலும் இல்ல. 200 பேர் இறங்கினா 120 பேரைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிள்ல வீட்டாக்கள் வந்திருப்பாங்க. 40 பேர் ஓட்டோ. மிச்சம் உள்ளதில பாதிப் பேர் செங்கலடிப் பக்கம். எனக்கு வாறது பத்துப் பேர், அதிலயும் ரெண்டு பேர் சூட்கேஸை என்ஜின் பெட்டிக்கு மேல வைக்கச் சொல்லுவாங்க. இது நான் கண்ணால எண்ணினது, ஆரும் புத்தகத்தில எழுதிறாதீங்க.

---

சம்மாந்துறை_ராத்தா

அந்தப் பத்துப் பேர்ல ஒரு ஆள் நான், தம்பி.

கொழும்பில பயிற்சி வகுப்புக்குப் போய் வாற ஆசிரியை. இரவுக் கோச்சியில வந்தா விடியிற வரைக்கும் ஸ்டேஷனுக்குள்ளயே இருப்பன். வெளிய வரமாட்டன். அங்க லைட் ஈக்கி, ஆக்கள் ஈக்கி. ஓட்டோவில தனிய அந்த நேரம் போக எனக்கு மனசு வராது. பஸ் ஸ்டாண்டில நிக்க அதைவிட மனசு வராது. ஒரு ஊரு பஸ் ஸ்டாண்டில (எந்த ஊரு எண்டு கேக்காதீங்க) கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்ல. உள்ளுக்கு நிண்டுகொண்டு ஒரு கையால கதவை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு, மறு கையால பேக்கைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. மிச்சத்தை எழுத மாட்டன். பொம்புளைகளுக்கு விளங்கும்.

நீங்க ஆம்பிளைகள் ட்ராம், தகடு, லொக் ஷீட் எண்டு கதைக்கிறீங்க, நல்லம். எனக்கு மையம் எண்டா, ஒரு கொண்டி உள்ள கதவு. மறுகா ஸ்டேஷன் வாசல்லயே, வெளிச்சத்துக்குள்ள, ஏறக்கூடிய ஒரு பஸ். அது அரை மணித்தியாலம் கழிச்சு வந்தாலும் பரவாயில்ல. "வரும்" எண்டு தெரிஞ்சாப் போதும்.

---

கொத்துரொட்டி

ராத்தா எழுதின புறகு நான் பகிடி விடல்ல.

---

பேர்ண்_குளிர்

களுவாஞ்சிக்குடியில பிறந்து பேர்ண்ல தேஞ்சு கொண்டிருக்கிறவன். சுருக்கமாச் சொல்றன், வேலைக்குப் போகணும்.

இங்க சுவிஸ்ல 1982லருந்து நாடு முழுக்க ஒரு ஒழுங்கு. கோச்சிகள் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரே நிமிஷத்தில வரும். பெரிய ஸ்டேஷன்கள்ல எல்லாப் பக்கக் கோச்சியும் மணி அடிக்கக் கொஞ்சம் முந்தி வந்து, அடிச்சுக் கொஞ்சம் பிந்தி வெளிக்கிடும். இடையில ஆக்கள் மாறி ஏறுவாங்க. மலைக் கிராமத்து ஸ்டேஷன்ல மஞ்சள் போஸ்ட் பஸ் நிக்கும். கோச்சி ரெண்டு மூணு நிமிஷம் பிந்தினா டிரைவர் என்ஜினை நிப்பாட்டிப்போட்டுப் பேசாமல் இருப்பார். அந்தக் கிராமத்தில கூரையும் இல்ல, மையமும் இல்ல. ஒரு கம்பம், அதில ஒரு நேரத்தாள். பனி கொட்டினாலும் நம்பி நிக்கிறம். முன்கதவு தம்பி சொன்ன முதலாளிக் கணக்கு அந்த டிரைவருக்கு இல்ல, அதுதான் வித்தியாசம். ஏறினது ஒரு ஆளெண்டாலும் அவருக்குச் சம்பளம் ஒண்டுதான்.

---

மட்டுறுத்துநர்

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி எந்தப் பஸ் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியது என்பது வேறு இழை. ஊர்ச் சண்டை எந்த இழையிலும் இல்லை.

---

குருமண்வெளி

நான் எழுதுறது இல்ல, வாசிக்கிற ஆள். ஆனா இவ்வளவு நேரம் வாசிச்ச புறகு ஒண்டு சொல்லாமல் இருக்க ஏலாது.

எல்லாரும் கோச்சி, பஸ், லைட் ரெயில் எண்டு மூண்டு சொல்றீங்க. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைச் சனத்துக்கு ஏற்கெனவே மூண்டு இருக்கு. பாதை, பஸ், கோச்சி. வெளியூர் ஆக்களுக்கு விளங்காது, பாதை எண்டா றோட் இல்ல. வாவிக்குக் குறுக்க போற இரும்பு மிதவை, எங்கட துறையிலருந்து மண்டூருக்கு. மோட்டார் சைக்கிள், சைக்கிள், நெல் மூட்டை, ஆக்கள், ஆடு, எல்லாம் அதில. மண்முனைத் துறைக்கு 2014ல பாலம் வந்திட்டு, அங்கத்தப் பாதை போயிட்டு. எங்கட இன்னும் ஓடுது. மண்டூர் முருகன் திருவிழா எண்டா அதில கால் வைக்க இடம் கிடையாது.

மண்டூர்ல இருந்து ஒருத்தர் கொழும்புக்குப் போற எண்டா பாதையில வந்து, எங்கட பக்கம் ஏறி, மெயின் றோட்டுக்குப் போய், பஸ் பிடிச்சு மட்டக்களப்புக்குப் போய், கோச்சி ஏறணும். ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு ஆளிட கையில. இந்த மூண்டுக்குள்ள ஒரு நாளும் சனத்தை விட்டுட்டுப் போகாதது எது எண்டு நினைக்கிறீங்க?

பாதைதான். காலமையில நான் பாத்திருக்கிறன். மெயின் றோட்டில பஸ் வந்து நிண்டா அந்த ஆக்களை ஏத்தின ஓட்டோ வெளிச்சம் துறையடிக்கு வாற தெருவில ஆடி ஆடி வரும். பாதைக்காரர் கயித்தைக் கழட்டிக் கையில வச்சுக்கொண்டுதான் நிப்பார், ஆனா தள்ளமாட்டார். "இன்னும் அந்த டீச்சர் வரல்ல" எண்டுவார். "நேத்து அக்கரையில நிண்ட பெடியன் இண்டைக்கு வைத்தியசாலைக்கு வரணுமே" எண்டுவார். அவருக்கு நேர அட்டவணை இருக்கு, பலகையில எழுதியும் கிடக்கு. அதோட ஆர் வரணும் எண்டும் தெரியும். டீச்சர் ஓடி வந்து ஏறினாப் புறகு "என்ன பிள்ளை, பஸ் சுணங்கிட்டா?" எண்டு ஒரு கேள்வி. மறுகா கயிறு தண்ணியில விழும்.

---

பழைய_கார்ட்

குருமண்வெளித் தம்பி, வாசிக்கிற ஆள் என்று சொல்லிக்கொண்டு எங்கள் எல்லாரையும் மடக்கிவிட்டீர்கள்.

பாதைக்காரர் வெளிச்சத்தைப் பார்க்கிறார். முன்கதவுத் தம்பிக்கு வெளிச்சம் தெரிவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. வண்டி எங்கே வருகிறது என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் தெரியும். தெரியாமல் ஒற்றைப் பாதையில் வண்டி ஓடவே முடியாது. வாழைச்சேனையை விட்டு வெளிக்கிட்டால் ஏறாவூருக்குத் தெரியும், ஏறாவூரை விட்டால் மட்டக்களப்புக்குத் தெரியும். அந்தச் செய்தி நிலையச் சுவரோடு நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதில்லை.

---

முன்கதவு

சேர், தெரிஞ்சாலும் பின்னால வாற பஸ்ஸை என்ன செய்யிற?

ஆனா நேத்து ராத்திரி படுத்துக் கிடந்து யோசிச்சன். ராத்தா எழுதினது மண்டைக்குள்ள நிண்டிட்டு. விடிய முதலாவது பஸ் நாலு நாளைக்கு ஒருக்கா எங்கட முறை. அந்தப் பஸ்ஸுக்கு முன்னால ஆருமில்ல. பின்னால வாறதும் கனக்கப் பிந்தித்தான். மறுகா, அந்த நேரம் இங்கருந்து கல்முனைக்குப் போக ஆள் குறைவு. சனம் எல்லாம் மற்றப் பக்கம், கல்முனை, களுவாஞ்சிக்குடியிலருந்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு நம்பர் எடுக்க வாற சனம். போற பஸ் அரைவாசி வெறுமையாத்தான் போகும். அப்ப கால் மணித்தியாலம் நிண்டாலும் நான் இழக்கிறது ஒண்டுமில்ல. பத்துப் பேர் கூடுதலா ஏறினா லாபம்தான். வாவிக்கரை அண்ணனுக்குப் போன பஸ் எங்கட இல்ல எண்டு நினைக்கிறன், ஆனா எங்கடயா இருந்தாலும் ஆச்சரியமில்ல.

பகல் பஸ்ஸுக்கு இந்தக் கதை சரிவராது. அதைக் கந்தோர்க்கார அண்ணன் ஆக்கள் கூடிக் கதைக்கட்டும். விடியப் பஸ்ஸுக்கு மட்டும் ரைம்கீப்பரோட கதைச்சுப் பாக்கிறன். ஸ்டேஷன் வாசலால சுத்திக்கொண்டு போறதுக்கு ஆரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க, அந்த நேரம் றோட்டில நாய்தான் படுத்திருக்கும்.

ஆனா கோச்சி எங்க வருது எண்டு எனக்கு ஆர் சொல்ற?

---

கந்தோர்க்காரன்

உத்தியோகபூர்வமாக் கேட்டா ஒரு கடிதம், பிரதி ஆறு பேருக்கு. கேட்காமல் செய்தா ஒரு போன்.

இத எழுதினது நான் இல்ல.

---

பழைய_கார்ட்

என் வீடு ஏறாவூரில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ஓய்வு பெற்றும் வண்டி போகாமல் தூக்கம் வராது. மனைவி இதற்காக என்னோடு சண்டை பிடிப்பாள். வண்டி ஏறாவூரைத் தாண்டினால் எனக்கு முதலில் கட்டில் அதிரும், பிறகுதான் சத்தம் கேட்கும்.

தம்பி முன்கதவு, உங்கள் முறை வரும் நாட்களைத் தனிமடலில் அனுப்புங்கள், தொலைபேசி இலக்கத்தோடு. வண்டி என் வேலியைத் தாண்டியதும் ஒரு மிஸ்ட் கோல் தருகிறேன். பேச வேண்டியதில்லை, காசும் போகாது.

---

முன்கதவு

யானை நிண்டு மூண்டு மணித்தியாலம் பிந்தினா?

---

பழைய_கார்ட்

அப்போது இரண்டு மிஸ்ட் கோல். இரண்டு வந்தால் நீங்கள் போய்விடுங்கள்.

---

முன்கதவு

அனுப்பிட்டன் சேர். வியாழன் எங்கட முறை.

---

சம்மாந்துறை_ராத்தா

நான் வாற கிழமை வெள்ளிதான் வாறன். வெள்ளி ஆரிட முறை?